பாதாளக் கரண்டியும் 15 கிலோவும்

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால்காரர் கொல்லைப் பக்கம் வந்து "டீச்சர்" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். வழக்கமாக மூன்று முறை கூப்பிடுவார். நான் எழுந்து போனபோது பால் கேன் கிணற்றடியில் நின்றது. பால்காரர் தெருக்கோடியில் நின்றார். மூடுபனிக்குள் துணிக்கொடியில் கறுப்பாக ஓர் ஆள், தலை மட்டும் இல்லாமல், கைகால் விறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தான். எனக்கே ஒரு கணம் அடிவயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் அது மருமகள் கடலுக்குள் முங்கப் போட்டுக்கொள்கிற ரப்பர் உடை என்பதும், அதை முதல் நாள் சாயங்காலம் அலசிக் காயப்போட்டது நானே என்பதும் நினைவுக்கு வந்தன.

மூன்று மில்லிமீட்டர் தடிமன். பிழியலாம் என்று முறுக்கினேன், அது என்னை முறுக்கியது. பால்காரர் அன்றிலிருந்து வாசல் பக்கமாகவே வருகிறார்.

பொங்கலுக்கு வருகிற மருமகள்கள் பட்டுப்புடவையோடு வருவார்கள். நம்முடையவள் ஒரு மூட்டை ரப்பரோடு வந்து இறங்கினாள். இங்கிருந்தே அந்தமான் போகிறாளாம், அலுவலகத் தோழிகளோடு. மாலையில் திருச்சியில் விமானம், இரவு சென்னை, மறுநாள் காலை போர்ட் பிளேர். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றிவிட்டார்கள் என்று கோடிவீட்டுத் தலைமையாசிரியர் திருத்தினார். ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிய திசைக்கு நம் தெருவிலிருந்து ஒரு பெண் போவதில் அவருக்கு ஏகப் பெருமை. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடவில்லை: "முங்கத்தான் வேண்டும் என்றால் பூம்புகார் இங்கேதானே இருக்கிறது? கோவாவிலிருந்து தேசியக் கடலியல் நிறுவனத்தார் வந்து முங்கித் தேடிவிட்டுப் போன கடல். நீ போய் மிச்சத்தைத் தேடக் கூடாதா, அம்மா?" அவள் சிரித்துவிட்டு, அடுத்த வருடம் தேடுகிறேன் மாமா என்றாள். அவர் அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியும்.

பையன் போகவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. 2002, 2003 இரண்டு வருடமும் குடமுருட்டியில் மணல்தான் ஓடியது. நீந்தப் பழகவேண்டிய வயதில் ஆற்று நடுவில் மட்டைப்பந்து ஆடிய பிள்ளை அவன். அவனுக்கு ஆறு என்றால் இன்றைக்கும் மைதானம்தான். நான் அப்படியில்லை. எட்டு வயதில் என் அப்பா இரண்டு சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, படித்துறையிலிருந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டு, வெற்றிலை போடப் போய்விட்டார். திரும்பி வந்தபோது நான் அக்கரையில் அழுதுகொண்டிருந்தேன். அதுதான் எனக்கு நீச்சல் பயிற்சி, சான்றிதழ், எல்லாம்.

அதனால்தான் மருமகள் கூடத்தில் பாயை விரித்து அந்தச் சாமான்களைப் பரப்பியபோது மற்றவர்கள் மிரண்ட அளவுக்கு நான் மிரளவில்லை. முதுகில் மாட்டுகிற சட்டை ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் காற்று ஏறி மேலே தூக்கும், இன்னொன்றை அழுத்தினால் காற்று இறங்கி உள்ளே போகலாம். பி.சி.டி. என்கிறாள். "இது சுரைக்குடுக்கை" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம் அத்தை" என்றாள். அவள் பதினெட்டு மீட்டர் ஆழம்வரை போக அனுமதிச் சான்று வாங்கியவள். அப்படிப்பட்டவள் ஆமாம் என்றதை நான் இந்த மூன்று நாளில் ஒன்பது பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரெகுலேட்டர் என்றதும் வீட்டுக்காரர், "ஃபேனுக்கா, கேஸுக்கா?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தால், கேஸுக்கு என்பது முக்கால்வாசி சரியாம். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று இருக்கும். அதை அப்படியே வாயில் திறந்துவிட்டால் ஆள் பலூன். இரண்டு கட்டமாக அழுத்தத்தைத் தணித்து, மூச்சு இழுக்கும்போது மட்டும் அளவாகக் கொடுப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. உள்ளே இருப்பது ஆக்சிஜன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, நம் கொல்லையில் அடிக்கிற அதே சாதாரணக் காற்று. அதற்கும் அங்கே வாடகை உண்டு.

நடுவில் ஓர் உலோக முண்டு, அதிலிருந்து நான்கு பக்கமும் குழாய்கள், ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஏதோ ஒன்று தொங்குகிறது. எதிர்வீட்டு அக்கா கரும்பைக் கடித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "பாதாளக் கரண்டி இவ்வளவு பெரிதாகவா செய்கிறார்கள் இப்போது?" தெருவில் பாதாளக் கரண்டி இருக்கிற ஒரே வீடு அவருடையதுதான். கிணற்றில் வாளி விழுந்தால் ஒரு பித்தளைக் குடத்தை அடகு வைத்துத்தான் அதை வாங்கிவர வேண்டும். என் குடம் ஒன்று 2011இலிருந்து அங்கே இருக்கிறது. போட்டிக்கு ஒன்று வந்துவிட்டதோ என்ற கவலை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

சிலிண்டரை எடுத்துப் போகவேண்டியதில்லை, அங்கேயே கிடைக்கும். ஈயக் கட்டியும் அப்படியே. ஈயம் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். ரப்பர் உடை மிதக்கும், மூழ்குவதற்காக இடுப்பில் ஈயத்தைக் கட்டிக்கொள்வார்களாம். மிதப்பதற்கு ஒரு சட்டை, மூழ்குவதற்கு ஒரு பெல்ட், இரண்டையும் ஒரே ஆள் போட்டுக்கொள்வது. இவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம் சொசைட்டி நிர்வாகம் மாதிரி" என்றார்.

சரி, எடைக்கு வருகிறேன். பெரிய பைக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. விதிகளை நான் முதல் நாள் இரவே பையனின் மடிக்கணினியில் உட்கார்ந்து படித்து, பழைய வருகைப் பதிவேட்டில் கோடு போட்டு எழுதிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு எடுத்தவள். ரெகுலேட்டரும் ஆழம் காட்டுகிற கைக்கடிகாரமும் கையிலேயே போகவேண்டும். உடைந்தால் உயிர்ப் பிரச்சினை. நீருக்கடியில் அடிக்கிற டார்ச்சின் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வைக்கவேண்டும், பெரிய பையில் போடக் கூடாது. சிறு கத்தி பெரிய பையில்தான், கையில் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதைச் சிவப்பில் எழுதினேன். உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன், அழுத்தம் குறைந்ததும் கோலி சோடா உடைத்த மாதிரி பொங்கிவிடுமாம். திரும்புகிற டிக்கெட்டை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 மணி நேரம். தேர்ச்சி.

இந்த நிலையில் குடும்பம் என்ன செய்தது? வீட்டுக்காரர் புது சீரகச் சம்பா ஐந்து கிலோ கொண்டுவந்து வைத்தார். தீவில் அரிசியே கிடைக்காது என்பது அவர் எண்ணம். எதிர்வீட்டு அக்கா உப்பு நார்த்தங்காய் ஒரு ஜாடி. சித்தப்பா ஒரு முழுக்கரும்பை இரண்டாக வெட்டி, மருமகள் காலில் மாட்டிக்கொண்டு நீந்துகிற ரப்பர் துடுப்பைக் காட்டி, "துடுப்பு மாதிரிதானே இருக்கிறது, அதோடு சேர்த்துக் கட்டிவிடலாம்" என்றார். நான் யாரையும் விடவில்லை. அரிசி குதிருக்குத் திரும்பியது, ஜாடி எதிர்வீட்டுக்குத் திரும்பியது. கரும்பைச் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து தானே தின்று தீர்த்தார், என்னைப் பார்த்தபடியே. "விதி என்றால் எல்லோருக்கும் விதிதான்" என்று நான் சொன்ன வாக்கியத்தை இந்தத் தெருவே கேட்டது. பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்க்கத் தம்பியின் உரக்கடைக்குப் போனோம். 45 கிலோ யூரியா மூட்டைகளுக்கு நடுவே மருமகளின் நீலப் பை உட்கார்ந்தது. 15.400 என்று காட்டியது தராசு. கடைப்பையன் பழக்கதோஷத்தில் சீட்டில் எழுதி, "சாக்கு எடை கழிக்கவேண்டுமா?" என்று கேட்டான். கழிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! விமானக்காரர்கள் நம் கொள்முதல் ஆட்களைவிடக் கறார்.

மருமகள் அங்கேயே பையைத் திறந்து, ஒரு பழைய கண்ணாடி முகமூடியை அதன் பெட்டியோடு எடுத்து வெளியே வைத்தாள். 14.950. "இது உபரிதான் அத்தை, ஒன்று போதும். வீட்டிலேயே இருக்கட்டும்" என்றாள். நான் யூரியா மூட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

முகமூடியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உள்ளே ஆவி படிந்து மறைக்காமல் இருக்க, கண்ணாடியில் எச்சிலைத் துப்பித் தேய்த்து, கடல்நீரில் ஒரு அலசு அலசி, முகத்தில் மாட்டிக்கொள்வார்களாம். உலகம் முழுக்க அப்படித்தானாம். நம் வீட்டில், செம்பை உதட்டில் வைத்துக் குடித்ததற்காகப் பையன் என் மாமியாரிடம் வாங்கிய அடி அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. "எச்சிலையா?" என்று மட்டும் கேட்டேன். அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

மூன்று மணிக்குக் கார் கிளம்பியது. பையன்தான் ஓட்டிப் போனான். இரவு ஒன்பதரைக்குத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான்.

நடந்தது இதுதான். குழாய்கள் பின்னிக்கிடந்த ரெகுலேட்டரைச் சோதனையில் எடுத்துப் பார்த்து, டைவிங்கா என்று கேட்டு, போகலாம் என்றுவிட்டார்கள். கழற்றிய பேட்டரி, சரி. பெரிய பையிலிருந்த கத்தியும் சரி. அதே பெரிய பையிலிருந்த துடுப்பின் கால் நுழைக்கிற குழிக்குள் உருண்டையாக ஏதோ இருக்கிறது என்று மட்டும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெளியே எடுத்தால், குங்குமம் தடவிய மஞ்சள் துணி. துணிக்குள் கொப்பரை.

நான்தான் வைத்தேன். மார்கழிக் கடைசி வெள்ளியில் ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடி. மொட்டைமாடியில் காய்ந்து, ஓட்டை விட்டுத் தானே கழன்றிருந்தது. தண்ணீருக்கடியில் போகிறவளுக்கு ஒரு காவல் வேண்டாமா? சொன்னால் எடுத்து வைத்துவிடுவாள் என்று சொல்லவில்லை. முங்குகிற சாமானுக்கான விதிகளை எல்லாம் எழுதிய நான் தேங்காய்க்கும் விதி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும், சாமான் அறையில் ஏற்றவே மாட்டார்களாம். இதையெல்லாம்விட வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குப் பதில் இல்லை: "அந்தமானுக்குத் தேங்காயா கொடுத்தனுப்பினாய்?" கொல்லன் தெருவில் ஊசி விற்றவள் என்று பேரப்பிள்ளை காலம்வரை சொல்லுவார். சித்தப்பாவுக்கு அன்று இரவே தகவல் போய்விட்டது. காலையில் ஒரு முழுக்கரும்போடு வந்து, வாசலில் சாத்தி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

மருமகளிடம் கொப்பரையைக் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார்களாம். சாமி தேங்காய், போடமாட்டேன் என்று அங்கேயே நின்று கடித்துத் தின்றிருக்கிறாள். முழு மூடியையும். விமானத்தில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டாள். "காவல் உள்ளே போய்விட்டது அத்தை. இனி எவ்வளவு ஆழம் போனாலும் கூடவே வரும்" என்றாள். பின்னால் யாரோ தோழி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான், வயிற்றை வலிக்கப்போகிறது, சுக்கு கிடைத்தால் தட்டிப் போட்டுக் குடி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

அந்த உபரி முகமூடி அலமாரியில் இருந்தது. கொப்பரைக்காக இடம் விட்டுக்கொடுத்த முகமூடி. இன்று காலை, தெரு எழுமுன், துண்டுக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். மேட்டூரை அடைக்க இன்னும் சில நாள் இருக்கிறது, மார்பளவு தண்ணீர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. கண்ணாடிக்குள் துப்பினேன். மாமியார் படத்தில்தானே இருக்கிறார்.

முங்கிக் கண்ணைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர். என் கையே எனக்குத் தெரியவில்லை. கெண்டை இல்லை, கெளுத்தி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ பளபளவென்று மிதந்து வந்து கண்ணாடிக்கு நேரே நின்றது. ஷாம்பு பாக்கெட். இரண்டு ரூபாய் என்பதுவரை படிக்க முடிந்தது. காலடியில் சேறும் யாரோ விட்டெறிந்த சேலையும். கோடையில் இதே இடத்தைத் தூர்வாரியதாகப் பலகை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

மூச்சு முட்டித் தலையைத் தூக்கினேன். எதிர்வீட்டு அக்கா மேல்படியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"என்ன டீச்சர், செம்பு விழுந்துவிட்டதா? கரண்டி எடுத்து வரட்டுமா?"