தாம்சன் எழுதிய வருகைப் பதிவு

ஜனவரி 3, 2025, வெள்ளி
மகள் வீடு, மேரிலாந்து

காலையிலிருந்து டிவியில் பதவியேற்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் 119வது காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம், இன்று கூடியது. மேலவையான செனட்டின் தற்காலிகத் தலைவராக சக் கிராஸ்லி வந்து உட்கார்ந்தார். வயது 91. கீழவைக்கு 1975 ஜனவரியில் வந்தவர், 1981இலிருந்து செனட்டர். இன்றோடு ஐம்பது வருஷம் ஆகிறது.

"இதே நாட்டில் ஒரு காலத்தில் மூணு வருஷத்துக்கு மேல் யாரும் உட்கார முடியாது, அத்தை" என்றார் மாப்பிள்ளை. அவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அதற்கப்புறம் சமையலில் மனம் போகவில்லை. பேரூராட்சி அலுவலகத்தில் 22 வருஷம் மன்றக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதியவள் நான். பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, தீர்மானம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், இருக்கிறதா என்று தலை எண்ணி, தீர்மானத்துக்கு எண் போட்டே என் வேலைக்காலம் போனது. இப்படி ஒரு விதி இருந்த சபையில் அந்த வேலையை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

பேத்தி டேப்லெட்டில் தேடி எடுத்துக் கொடுத்தாள். இப்போதைய அரசியல் சட்டத்துக்கு முன்னால் பதின்மூன்று மாநிலங்களும் செய்துகொண்ட கூட்டமைப்பு ஒப்பந்தம், 1781 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் ஐந்தாவது பிரிவு இப்படிச் சொல்கிறது: பிரதிநிதிகளை மாநிலங்கள் ஆண்டுக்கு ஒருமுறை நியமிக்கும், நினைத்தபோது திரும்ப அழைத்துக்கொள்ளும். ஒரு மாநிலத்துக்கு இரண்டு பேருக்குக் குறையக் கூடாது, ஏழு பேருக்கு மேல் போகக் கூடாது. ஆறு ஆண்டில் மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவரே இருக்கக் கூடாது. எத்தனை பேர் வந்தாலும் மாநிலத்துக்கு ஓட்டு ஒன்றுதான்.

பிரிட்டிஷ் ராஜாவின் ஆட்களிடம் பட்டவர்கள். நாற்காலி யாரிடமும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

விடியும்போதே பனி. தெருவில் கார் எது, புதர் எது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் லீவு.

அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் 34 தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. 1783 டிசம்பரைப் பிரித்தேன். எந்தெந்த மாநிலம் வந்திருக்கிறது, எங்கிருந்து ஒரே ஒருவர் வந்திருக்கிறார் என்பதுதான் பல நாட்களில் முதல் வரி. ஆள் போதாமல் ஒத்திவைத்த நாட்களுக்குக் குறைவில்லை. அந்தக் குளிர்காலமும் கொடூரமானதாம். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துவிட்டு, இந்தப் பனியில் குதிரையில் நூற்றுக்கணக்கான மைல் வருவது என்றால் என்ன என்று யோசித்தேன்.

எழுதியவர் பெயர் சார்லஸ் தாம்சன். 1774 செப்டம்பரில் பிலடெல்ஃபியாவில் முதல் கூட்டம் கூடியபோது செயலாளரானவர். கல்யாணமாகி நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் பொங்கல் வைத்தோம். பால் பொங்கி இறங்கியதும் மாப்பிள்ளை, "வாங்க, அனாபொலிஸ் போயிட்டு வந்துடலாம்" என்றார். இன்றைய தேதியை நினைவு வைத்துத்தான் லீவு போட்டிருக்கிறார் என்று காரில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

அங்கே மேரிலாந்து மாநிலத்தின் சட்டமன்றக் கட்டடம் இருக்கிறது. இப்போதும் சட்டமன்றம் அங்கேதான் கூடுகிறது. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனால், கீழ்த்தளத்தில் பழைய செனட் அறை. 1783 நவம்பர் கடைசியிலிருந்து அடுத்த கோடை வரை தேசத்தின் காங்கிரஸ் உட்கார்ந்தது இந்த அறையில்தான். வாஷிங்டன் தளபதிப் பொறுப்பை விட்டுக்கொடுத்த இடத்தில் அவரது வெண்கலச் சிலை நிற்கிறது. அது 1783 டிசம்பர் 23. அந்தப் பெரிய நாளுக்கே இருபது பேர்போல, ஏழு மாநிலங்களிலிருந்துதான் வந்திருந்தார்கள். எல்லோரும் சிலையைப் படம் எடுத்தார்கள். நான் தாம்சனின் மேசை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரிட்டனோடு சமாதான ஒப்பந்தம் பாரிஸில் செப்டம்பர் 3 அன்றே கையெழுத்தாகிவிட்டது. ஆறு மாதத்துக்குள் காங்கிரஸ் அதை ஏற்று, ஏற்புப் பத்திரம் கைமாற வேண்டும். ஏற்பதற்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும், அறையில் இருந்தவை ஏழு. ஏழே போதும் என்று சிலர் சொன்னார்கள். அது செல்லாது என்று வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜெஃபர்சன் பிடிவாதமாக நின்றார். அவர் செய்தது சரி. கோரம் இல்லாமல் போட்ட தீர்மானம் எந்தத் தணிக்கையிலும் நிற்காது. எட்டு வருஷம் போர் நடந்து, ஜெயித்து, அதை முடித்துவைக்க இரண்டு மாநிலத்து ஆள் இல்லை.

வராதவர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போயிற்று. தென் கரோலினாவின் ரிச்சர்ட் பெரஸ்ஃபோர்ட் பிலடெல்ஃபியாவில் நோயாகப் படுத்திருந்தார். ஜனவரி 13 அன்று கனெக்டிகட்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் பெரஸ்ஃபோர்டும் வந்தார், ஒன்பது ஆயிற்று. 1784 ஜனவரி 14 அன்று ஒருவர்கூட மறுக்காமல் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் உள்ளேயே இருந்தார், ஆனால் ஒற்றை ஆள் மாநிலமாகக் கணக்கில் சேரமாட்டார். பத்திரம் கடல் கடந்து கைமாறுவதற்குள் கெடுவும் தாண்டி, மே 12 ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது ஆறிய சர்க்கரைப் பொங்கலைக் காரிலேயே சாப்பிட்டோம்.

ஜனவரி 19, ஞாயிறு

மாப்பிள்ளையோடு வாதம். அந்தச் சபை உருப்படாமல் போனதற்கு மூன்றாண்டு விதிதான் காரணம் என்கிறார். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசனை உதாரணம் காட்டினார். 1780 மார்ச்சில் 29 வயதில் வந்து, நாட்டின் கடனையும் வருமானத்தையும் கரைத்துக் குடித்தவர், 1783 முடிவதற்குள் விதிப்படி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. வேலை தெரிந்தவரை வேலை தெரிந்த நேரத்தில் அனுப்பிவிட்டார்கள் என்பது மாப்பிள்ளை கட்சி.

அது உண்மைதான். ஆனால் மேடிசன் பிலடெல்ஃபியாவில் எப்படிப் பிழைத்தார் என்று நான் படித்துக்காட்டினேன். பிரதிநிதிக்குப் படி கொடுக்க வேண்டியது அவரவர் மாநிலம். வர்ஜீனியாவிலிருந்து பணம் வரவில்லை. 1782இல் மேடிசன் ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஹேம் சாலமன் என்ற பெயர் வருகிறது. போலந்திலிருந்து வந்த யூதத் தரகர், ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் காபி ஹவுஸ் பக்கத்தில் கடை. அவர்தான் கைமாற்று கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறை போய்க் கேட்கும்போதும் கூனிக் குறுகிப் போகிறேன், ஏனென்றால் அவர் வட்டியாக எதையும் வாங்கிக்கொள்ள மறுக்கிறார் என்று மேடிசன் எழுதுகிறார். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

மேடிசனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் மூன்று வருஷம் எங்கே இருப்பார்கள்? விளைச்சல், கோர்ட்டு வழக்கு, மனைவிக்குப் பிரசவம் என்று விதி வந்து துரத்துவதற்கு முன்னாலேயே பலர் கிளம்பிவிட்டார்கள். சொந்த மாநிலத்தில் பதவி கிடைத்தால் அதுதான் பெரிது. என்னைக் கேட்டால் விதியைவிட வெறும் நாற்காலிதான் அந்தச் சபையைக் கொன்றது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று அதிகம் படிக்கவில்லை, பேத்திக்குக் காய்ச்சல். ஒன்று மட்டும். 1785 நவம்பரில் ஜான் ஹான்காக்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு நாள்கூட வந்து உட்காராமலே 1786இல் ராஜினாமா செய்தார். அந்த மாதங்களில் டேவிட் ராம்சே அவருக்குப் பதிலாக நாற்காலியில் இருந்தார். தாம்சன் வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்று நாளாக இதை எழுதலாமா என்று தள்ளிப்போட்டேன்.

1784 ஏப்ரல். நான் நின்ற அதே அனாபொலிஸ் அறை. மேற்கே புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளை எப்படி ஆள்வது என்று ஜெஃபர்சன் ஒரு வரைவு கொண்டுவந்தார். 1800க்குப் பிறகு அந்த நிலம் எதிலும், வடக்கிலும் தெற்கிலும், அடிமைமுறை இருக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. அதை நீக்க வேண்டும் என்று தென்பகுதியிலிருந்து கோரிக்கை வந்தது. பிரிவு நிற்க ஏழு மாநிலங்களின் ஓட்டு வேண்டும்.

ஏப்ரல் 19இல் ஓட்டெடுப்பு. நியூ இங்கிலாந்தின் நான்கு மாநிலங்களும் நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் ஆதரவு: ஆறு. மேரிலாந்து, வர்ஜீனியா, தென் கரோலினா எதிர்ப்பு. ஜெஃபர்சனைச் சொந்த மாநிலத்துக்காரர்களே தோற்கடித்தார்கள். வட கரோலினா இரண்டாகப் பிரிந்தது. நியூ ஜெர்சியின் சாமுவேல் டிக் ஆதரித்து ஓட்டுப் போட்டார். அது எண்ணப்படவில்லை. கூட இருக்க வேண்டிய ஜான் பீட்டி உடம்புக்கு முடியாமல், தங்கியிருந்த இடத்தில் படுத்திருந்தார். ஜனவரியில் ஒற்றை ஆளாக வந்து கணக்கில் சேராமல் உட்கார்ந்திருந்த அதே பீட்டி.

பிரிவு போயிற்று.

பிறக்காத கோடிக்கணக்கானவர்களின் விதி ஒரு மனிதனின் நாவில் தொங்கியது, அந்தப் பயங்கரமான கணத்தில் வானமும் பேசாமல் இருந்தது என்று இரண்டு வருஷம் கழித்து ஜெஃபர்சன் எழுதினார். அவரே நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அதை விட்டுவிட்டு இந்த வரியை மட்டும் எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டு நடந்து மூன்று வாரத்துக்குள், மே 7 அன்று, அவருக்கும் ஐரோப்பாவுக்குத் தூதர் பதவி கிடைத்தது, அவரும் போய்விட்டார். அந்தப் பிரிவை விடாமல் மறுபடி கொண்டுவர அந்த ஆளே சபையில் இல்லை. 1787 ஜூலையில் வேறு உறுப்பினர்கள் நியூயார்க்கில் கூடி, ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே மட்டும் அடிமைமுறையைத் தடுத்தார்கள். தெற்கே தடுக்க யாருமில்லை.

ஒத்திவைப்பு என்று எழுதும்போதெல்லாம் அது வெறும் அலுவலகச் சொல் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

1787இல் புதிய அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் வைத்துக்கொண்ட முதல் வரைவில் கீழவைக்கு, ஒருவரே தொடர்ந்து இருக்க விடாத சுழற்சி விதி இருந்தது. ஜூன் 12இல் அடித்துவிட்டார்கள். மறு ஆண்டு, அந்தச் சட்டத்தை ஏற்பதா என்று முடிவு செய்யக் கூடிய நியூயார்க் மாநாட்டில் கில்பர்ட் லிவிங்ஸ்டன், செனட்டர்களுக்காவது பன்னிரண்டு ஆண்டில் ஆறுதான் என்று வையுங்கள் என்று போராடினார். புதிய சட்டத்தை ஆதரித்த ஹாமில்டன் விடவில்லை.

விதி போனபிறகு ஆள் மாறுவது நின்றதா என்றால், இல்லை. இதைத்தான் மாப்பிள்ளையிடம் இன்று திரும்பச் சொன்னேன். டிவிட் கிளின்டன் 1803இல் செனட்டர் பதவியை விட்டுவிட்டு நியூயார்க் நகரத்தின் மேயராகப் போனார். 1816இல் உறுப்பினர்கள் நாளுக்கு 6 டாலர் என்றிருந்த படியை ஆண்டுக்கு 1,500 டாலர் சம்பளமாக மாற்றிக்கொண்டார்கள். ஊர் கொதித்துவிட்டது. அடுத்த கீழவைக்குப் பழையவர்களில் மூன்றில் இரண்டு பங்குபோலத் திரும்பவில்லை. நதானியல் மேக்கன்போல 1791இல் வந்து 1828 வரை இரு அவைகளிலுமாக இருந்தவர்கள் அபூர்வம்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி அத்தை, அந்த தாம்சன் என்ன ஆனார்?" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

இந்தத் தேதிக்காகக் காத்திருந்தேன்.

பழைய காங்கிரஸ் 1788 அக்டோபர் 10க்குப் பிறகு கோரத்தோடு கூடவே இல்லை. ஆனால் தாம்சன் பதிவேட்டை மூடவில்லை. நியூயார்க்கில் யாராவது ஒருவர் வந்து தலைகாட்டினால் தேதி போட்டுப் பெயரை எழுதினார். கடைசிப் பதிவு 1789 மார்ச் 2. நியூயார்க்கின் ஃபிலிப் பெல் வந்தார். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துப் புதிய காங்கிரஸ் தொடங்க வேண்டும். அங்கும் ஆள் சேரவில்லை, கீழவைக்குக் கோரம் கிடைக்க ஏப்ரல் 1 ஆனது.

ஏறக்குறைய பதினைந்து வருஷம். முந்நூறு பேருக்கு மேல் அந்தச் சபைக்கு வந்து போனார்கள். பிலடெல்ஃபியா, பால்டிமோர், லங்காஸ்டர், யார்க், பிரின்ஸ்டன், அனாபொலிஸ், ட்ரென்டன், நியூயார்க் என்று சபை ஊர் ஊராக அலைந்தது. போன தடவை என்ன முடிவு செய்தோம் என்று புதிதாக வந்தவர் கேட்டால், சொல்லத் தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான். அயர்லாந்தில் பிறந்து, வரும் வழியில் அப்பாவைக் கடலில் பறிகொடுத்து, பத்து வயதில் அனாதையாகக் கரையிறங்கியவர்.

வாஷிங்டனிடம் போய் நீங்கள் ஜனாதிபதியாகத் தேர்வாகிவிட்டீர்கள் என்று சொல்ல, மவுன்ட் வெர்னனுக்கு அவரைத்தான் அனுப்பினார்கள். புதிய அரசில் தனக்கும் ஒரு வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. 1789 ஜூலையில் பொறுப்பை ஒப்படைத்தார். புரட்சியின் வரலாறாக அவர் எழுதிவைத்திருந்த ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கைப்பிரதியை அவரே எரித்தார்.

பதிவேடுகளை எரிக்கவில்லை. அவை அத்தனையையும் தேசத்தின் முத்திரையோடு சேர்த்து, ரோஜர் ஆல்டன் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனார்.