மெக்லாரன் எஃப்1: எடையைக் குறைக்கப் போய் வந்த சாதனை

புகாட்டி வேய்ரான் என்ற அதிவேகக் காரைப் பற்றிப் பேச்சு வந்தால் 1001 குதிரைத்திறன், மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் வேகம் என்று எண்ணில்தான் தொடங்குவார்கள். தப்பில்லை, புகாட்டியை வைத்திருந்த ஃபோக்ஸ்வாகனின் அப்போதைய தலைவர் ஃபெர்டினாண்ட் பீயெச் எண்ணை முதலில் சொல்லிவிட்டுத்தான் காரைச் செய்யச் சொன்னார். எனக்கு என்னவோ அதற்கு முன்பு சாலைக் கார்களில் வேகச் சாதனையை வைத்திருந்த மெக்லாரன் எஃப்1தான் பிடிக்கும். அதை வடிவமைத்த கோர்டன் மர்ரே வேகச் சாதனையைக் குறிவைக்கவே இல்லை, மனுஷன் எடை எடை என்றே கிடந்தார்.

1988இல் ஃபார்முலா 1இன் 16 பந்தயங்களில் 15ஐ ஜெயித்த மெக்லாரன் அணி, கோட்டைவிட்ட ஒரே பந்தயம் இத்தாலியில். தோற்ற கையோடு மிலான் விமான நிலையத்தில் காத்திருந்தபோது அணித் தலைவர் ரான் டென்னிஸும் மர்ரேயும் மற்றவர்களும் பேசியதில் முளைத்ததுதான் இந்தக் கார். ஹோண்டாவிடம் என்ஜின் கேட்டார்கள், நடக்கவில்லை. பிறகு பிஎம்டபிள்யூவின் என்ஜின் நிபுணர் பால் ரோஷே, மர்ரேக்கு முன்பே பழக்கமானவர், 6.1 லிட்டர் வி12 (12 சிலிண்டர்) என்ஜின் ஒன்றைப் புதிதாகவே செய்துகொடுத்தார். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் டர்போ வேண்டாம், மிதித்தவுடன் பதில் வரவேண்டும் என்பது மர்ரேயின் பிடிவாதம்.

பவர் ஸ்டியரிங் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, பிரேக்குக்கு பூஸ்டர்கூடக் கிடையாது. ஓட்டுநர் நட்டநடுவில், கொஞ்சம் பின்தள்ளி இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணிய ஆள் என்ஜின் அறைக்குள் மட்டும் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்! பந்தாவுக்கு இல்லை. சுற்றியிருக்கும் கார்பன் ஃபைபருக்குச் சூடு ஆகாது, சூட்டைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கில்லாடி. கடைசியில் எடை சுமார் 1140 கிலோ, சக்தி 627 குதிரைத்திறன்.

சாதனை ஆற அமரத்தான் வந்தது. 1998 மார்ச்சில் ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைப் பாதைக்கு எக்ஸ்பி5 என்ற பழைய முன்மாதிரிக் காரையே கொண்டுபோய், என்ஜின் சுழற்சிக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, பந்தய ஓட்டுநர் ஆண்டி வாலஸ் ஓட்டினார். மணிக்கு 386 கிலோமீட்டர்.

2019இல் அதே வாலஸ், அதே பாதை, இந்த முறை புகாட்டி சிரோன். நான்கு டர்போ, 1600 குதிரைத்திறன், இரண்டு டன்னை ஒட்டிய எடை. 490ஐத் தொட்டார். சக்தியை இரண்டரை மடங்கு ஏற்றி, 21 வருடம் கழித்துக் கிடைத்த கூடுதல் வேகம் 104 கிலோமீட்டர். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு மர்ரேக்குத்தான்.