புழுக்கொடியலில் புழு இல்லை

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் நாங்கள் வைத்திருக்கும் சின்னக் கணினி நிலையத்துக்கு ஓர் அக்கா வந்தார். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி என்று பனையில் இருந்து வரும் பொருட்களைச் செய்து விற்பவர். "தம்பி, வெளிநாட்டுப் பிள்ளையள் இணையத்தளத்தைப் பாக்கினமாம். ஓடர்தான் வருகுதில்லை" என்றார்.

எங்கள் கணினியில் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது. "உங்கட போனில காட்டுங்கோ அக்கா" என்றேன். பக்கம் முழுவதும் முத்திரை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. விரலால் பெருப்பித்துப் பார்த்தால், தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். முன்பு செய்தவர் எல்லாவற்றையும் பாமினியில் தட்டியிருக்கிறார். பாமினி எழுத்துரு எங்கள் கணினியில் இருக்கிறது, அதனால் தமிழ் தெரிகிறது. ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளையின் போனில் அது எங்கே இருக்கும்?

சட்ஜிபிடியிடம் போனேன். "இந்தத் தளத்தை மொபைலுக்கு ஏற்றபடி திருத்து" என்று கேட்டதற்கு, எந்தத் தளத்துக்கும் பொருந்தும் பத்து ஆலோசனைகள் தந்தது. அப்புறம் பக்கத்தின் நிரலையே ஒட்டி, போனில் கண்டதை ஒவ்வொன்றாக எழுதினேன். அங்கேதான் வேலை நகர்ந்தது. திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் என்ற ஒற்றை வரி இல்லாததால், போன் இதை 980 பிக்சல் அகலப் பக்கமாக நினைத்துச் சுருக்குகிறது என்றது. முகவரிப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் தானாகவே பெருப்பிக்கும் என்றும் சொன்னது. படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்பி. வெப்பி வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கினேன்.

ஓடர் வராத காரணமும் அந்த நிரலிலேயே இருந்தது. வட்ஸ்அப் இணைப்பில் இலக்கம் 07 என்று தொடங்கியிருந்தது. முன்னால் இருக்கும் சுழியத்தை எடுத்துவிட்டு இலங்கையின் குறியீடான 94 போட்டால்தான் அது திறக்கும். எவ்வளவு காலமாக யார் யார் அந்தப் பொத்தானை அமத்திவிட்டுப் பேசாமல் போயிருப்பார்களோ, நினைக்க எனக்கே மனம் கனத்தது.

பாமினி எழுத்தை, எல்லாப் போனிலும் தெரியும் யுனிகோடுக்கு மாற்றச் சொன்னபோது பாதி சரி, மீதி ஊகம். அதற்கென இருக்கும் மாற்றியிலேயே போட்டு எடுத்தேன். பிறகு பொருள் விளக்கம் எழுதக் கேட்டேன். பனங்கட்டியைத் தமிழ்நாட்டு வழக்கில் கருப்பட்டி ஆக்கியது. புழுக்கொடியலை 'புழு' என்று பிரித்து, "பூச்சி அரிக்காத தரமான கிழங்கு" என்று எழுதியது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"புழுக்கிறதெண்டா அவிக்கிறது தம்பி. கிழங்கை அவிச்சுக் காயவிட்டா புழுக்கொடியல். பச்சையாப் பிளந்து காயவிட்டா ஒடியல். ஒடியலை இடிச்சாத்தான் கூழுக்கு மா." சொல்லச் சொல்ல அப்படியே தட்டினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தளத்தில் இன்று இருப்பது அந்த வாக்கியங்கள்தான். கூழ் குடித்து வளர்ந்த பிள்ளை தேடும்போது பனங்கட்டி என்றுதான் தேடும், கருப்பட்டி என்று தேடாது.

வட்ஸ்அப் பொத்தானைத் திரையின் அடியில், பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தோம். பத்து நாளுக்குப் பிறகு அக்கா போன் எடுத்தார். ஸ்காபரோவில் இருந்து ஒரு மகள், முள்ளியவளையில் இருக்கும் தாய்க்கு ஒடியல் மா இரண்டு கிலோ கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறாராம். "நானே பஸ்ஸில கொண்டுபோய்க் குடுக்கப்போறன் தம்பி" என்றார்.