பெலேம் போனா இதெல்லாம் சாப்பிடுங்க

பிரேசில் போறவங்க ரியோ, சாவோ பாலோவோட திரும்பிடாதீங்க, வடக்க அமேசான் பக்கம் பெலேம் வரைக்கும் போங்க ப்ளீஸ். அங்க தண்ணி ஓரமா வெர்-ஓ-பேசுன்னு பெரிய மார்க்கெட், விடியறதுக்கு முன்னாடியே படகுல அசாயிப் பழம் கூடை கூடையா வந்து இறங்கும். இன்ஸ்டால பாக்குற கிரானோலா போட்ட ஸ்வீட் ஐட்டம் இல்லங்க, சர்க்கரையே இல்லாம கெட்டியா அரைச்சு, பொரிச்ச மீன், வறுத்த மரவள்ளிப் பொடியோட சாப்பாடாவே சாப்பிடுவாங்க, எனக்கு இதுதான் அசல் அசாயி!

சாயங்காலம் ரோட்டுக்கடைல தக்காக்கா கண்டிப்பா குடிங்க. கசப்பு மரவள்ளிச் சாறு பச்சையா விஷம், அத நல்லா கொதிக்க வச்சு அதுல காஞ்ச இறால், ஜம்பு கீரை போட்டு சுடச்சுட தருவாங்க, கீரைய மென்னா நாக்கே மரத்துப்போகும், செம்ம அனுபவம்.

ஹோட்டல்ல மனிசோபா இருந்தா விடாதீங்க, மரவள்ளி இலைய ஒரு வாரம் வேக வச்சு பன்னிக்கறி சேர்த்து செய்றது.