அப்பாவின் நாக்கும் ஆடி வெள்ளிப் பாயசமும்

நேற்றைய பாயசத்தைப் பற்றிக் கீழ்வீட்டு அக்கா உங்களிடம் ஏதாவது சொன்னால், நான் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஆடி வெள்ளி. பாசிப்பருப்புப் பாயசம். சாமிக்குப் படைக்கும்வரை அம்மா அதை ருசி பார்க்க மாட்டாள், மோந்துகூடப் பார்க்க மாட்டாள். எல்லாம் கைக்கணக்கு. படைத்த பிறகும் விளக்கு வைக்கும்வரை அவளுக்கு விரதம். ஆகவே முதல் டம்ளர் எப்போதும் அப்பாவுக்கு. சர்க்கரை வந்ததிலிருந்து அது அரை டம்ளர். அம்மா கொடுப்பதுதான் அரை. அப்பா குடிப்பது எவ்வளவு என்பது சமையலறைக் கதவுக்குத்தான் தெரியும்.

ஒரு வாய் குடித்தார். "வெல்லம் போட்டியா, இல்லையா?"

நாற்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அம்மா திரும்பி முதலில் அம்மன் படத்தைத்தான் பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பற்றவைத்து இன்னும் இரண்டு அச்சு வெல்லத்தைத் தட்டிப் போட்டாள். அப்பா மறுபடி குடித்தார். "ம்ஹூம். நுனி நாக்குல படாம உள்ள போயிடுச்சோ என்னவோ" என்று ஒரு ஸ்பூனில் எடுத்து நுனி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் வாத்தியார் இல்லையா, சோதனை முறைப்படி நடந்தது. "ஏலக்காய் தெரியுது. நீ போட்ட அந்தச் சிட்டிகை உப்பும் தெரியுது. வெல்லம் மட்டும் தெரியல."

மீதி வெல்லமும் போனது. சுக்குக் காபிக்கு வைத்திருந்த கருப்பட்டியும் போனது. கடைசியில் கரண்டியைச் செருகினால் கொடிக்கம்பம் மாதிரி நட்டமாக நின்றது.

என்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் என் நாக்குக்கு 2021-லேயே மதிப்புப் போய்விட்டது. கொரோனாவில் படுத்திருந்தபோது அம்மா வைத்த மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு, "வெந்நீர்ல புளியக் கரைச்சிருக்கியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். போனது மூக்கு. ருசி ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் இருந்து மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். வெறும் நாக்குக்குப் புளிப்பு தெரியும், உப்பு தெரியும், மிளகின் எரிச்சல்கூடத் தெரியும், ரசம் தெரியாது. இதையெல்லாம் அப்போதே விளக்கினேன். "வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றாள் அம்மா.

சரி, பழைய கதை. ஆள் எதற்கு ஆகாவிட்டாலும் சண்டை போட ஆவேனே. கலப்பட வெல்லம் கொடுத்ததற்கு அண்ணாச்சியைக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினாள். நான் நீட்டிய வெல்லத் துண்டை அண்ணாச்சி கடித்தார். பக்கத்தில் எண்ணெய் வாங்க நின்றவரும் கடித்தார். "தம்பி, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று அண்ணாச்சி கேட்ட தொனி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நான் திரும்புவதற்குள் ஒரு தூக்கு கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்புத் தண்ணீரைக் காலி செய்தாராம்.

கண்டுபிடித்தது ஹாஸ்டலில் இருந்து வந்திருந்த என் சொந்த அக்காவின் மகள், எனக்கு மருமகள். "தாத்தா, சட்டைப் பையில என்ன தழை?"

சிறுகுறிஞ்சான். தென்னூர் உழவர் சந்தையில் வாங்கியது. அப்பாவோடு வாக்கிங் வரும் ரிட்டயர்டு தாசில்தாரின் உபயம். அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றே இன்னொரு பேர் இருக்கிறதாம். இரண்டு இலையை மென்றுவிட்டு அண்டாவோடு பாயசம் குடித்தாலும் ஒன்றும் செய்யாதாம். அப்பாவும் பூஜைக்கு மணி அடிக்கும்போதே இரண்டுக்கு நாலாக மென்றிருக்கிறார். உடம்பில் இருக்கும் சர்க்கரையை அது என்ன செய்யும் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். நாக்கில் இருக்கும் சர்க்கரையைக் கொல்லும்; அதற்கு நானே சாட்சி.

மிச்ச இலையை நானும் மென்று பார்த்தேன். பச்சிலைக் கசப்பு. வாய் முழுக்கப் புரட்டிவிட்டுத் துப்பி, ஒரு ஸ்பூன் சீனியைப் போட்டேன். நறநறவென்று மண். கடற்கரையில் அலை புரட்டிப் போட்டால் வாய்க்குள் போகுமே, அதே மண். அது பாட்டுக்குக் கரைந்து வெறும் ஈரமாகிப் போனது. வாழைப்பழம் வழவழப்பான புளிப்பு. ஊறுகாய் மட்டும் எப்போதும் போல. நாக்கில் இனிப்பை அறிகிற சுவை மொட்டுகளில் இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கும், இலையில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும், அரை மணியோ ஒரு மணியோ இனிப்புக்குக் கதவடைப்பு என்றாள் மருமகள்.

"ஆனா நான் நுனி நாக்குல வெச்சுப் பார்த்தேனே" என்றார் அப்பா.

அங்கேதான் வீட்டில் உண்மையான சண்டை ஆரம்பித்தது. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பாகப்பிரிவினை செய்த அந்தப் பாடப்புத்தக நாக்குப் படமே தப்பாம். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மன்காரர் அளந்தபோது இடத்துக்கு இடம் கிடைத்தது துளி வித்தியாசம்தான். 1942-இல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் புத்தகத்தில் போட்ட வரைபடம் அந்தத் துளியை மலையாகக் காட்டிவிட்டது. 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் திரும்ப அளந்து, மொட்டு இருக்கும் இடத்தில் எல்லாம் எல்லாச் சுவையும் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். அப்பா வேலைக்குச் சேர்ந்ததே 1978-இல்.

எட்டாம் வகுப்பில், அப்பாவின் வகுப்பிலேயே, நான் நுனியில் கசப்பு என்று குறித்தேன். காய்ச்சல் மாத்திரை எனக்கு நுனியிலேயே கசந்தது, எழுதினேன். நங்கென்று ஒரு குட்டு. நேற்று அதைக் கேட்டதற்கு, "பாடத்திட்டத்துல இருந்ததைத்தான் நடத்தினேன்" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

காரம்கூடச் சுவையில் சேராது, சூட்டை உணர்கிற நரம்பைத்தான் மிளகாய் ஏமாற்றுகிறது என்று மருமகள் தொடர்ந்தாள். அறுசுவையில் ஒன்று குறைவதை அம்மா அனுமதிக்கவில்லை. "நீ முதல்ல ஒரு குழம்பு வை. அப்புறம் எண்ணலாம்."

விளக்கு வைத்த பிறகு அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அரை லிட்டர் பாலை ஊற்றிக் கிளறினாள். அப்பாவின் அரை டம்ளரைத் தனியாக எடுத்து அதில் இன்னும் கொஞ்சம் பால் விட்டு, ஆற்றி, வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். "இப்ப தெரியுதா?"

"தெரியுது" என்றார்.

காலையில் கறிவேப்பிலைத் தொட்டியில் புதிதாக ஒரு குச்சி ஊன்றி, ஏறிப் படரச் சணல் கட்டியிருக்கிறது. தீபாவளிக்குள் தழைத்துவிடுமா என்று கீரைக்கார அம்மாவிடம் போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள் எங்கள் அம்மா. பாயசம் இன்னும் முக்கால் சட்டி இருக்கிறது, வருகிறவர்கள் ஆளுக்கு அரை லிட்டர் பாலோடு வரவும்.