"நீங்கதானே லீடர்"

பவள ஆராய்ச்சி செய்யும் மேடம் படகில் ஏறி, மாஸ்க்கைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "சரி, நீங்கதானே லீடர்." கோபமா, கிண்டலா, இல்லை நிஜமாகவே ஒத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கூட வந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

2024 மே. மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளம் நிறமிழந்து வெளிறிக் கிடந்த நேரம். உலக அளவில் நான்காவது பெரும் வெளிறல் என்று அதற்கு முந்தைய மாதம்தான் அறிவித்திருந்தார்கள். கணக்கெடுப்புக்கு ஆள் போதவில்லை, டைவிங் தெரிந்த தன்னார்வலர்கள் வந்தால் உதவியாக இருக்கும் என்று மேடம் கேட்டார். கேட்டது அவர் என்பதாலேயே எல்லோரும் லீவு போட்டுவிட்டு ஓடினோம். வெளிறிய பவளத்துக்கும் செத்த பவளத்துக்கும் வித்தியாசம் பார்க்க எங்களில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வெள்ளையாக இருக்கிறதே என்று செத்ததில் சேர்த்துவிடாதே, கிட்டே போய்ப் பார், கண்ணாடி மாதிரி சதை இன்னும் இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது, பாசி படர ஆரம்பித்திருந்தால்தான் கதை முடிந்தது என்பார்.

நடந்தது இது. கடலடியில் முளையடித்து வைத்த நிரந்தர இடம், 20 மீட்டர் டேப், ஆழம் நாலு மீட்டர். டேப்புக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதை அது மாறுகிற ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் மேடம் சிலேட்டில் எழுதிக்கொண்டே போகிறார்: 1312 கொம்புப் பவளம், வெளிறல், 1340 மணல், 1355 செத்தது, பாசி. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பையன் அலைக்கு டேப் ஆடாமல் பிடித்துக்கொண்டு கூடவே நகர்கிறான். டைவ் லீடரான நான் பின்னால். 14 மீட்டரைத் தாண்டும்போது சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டுகிற பையனுடைய கேஜைத் திருப்பிப் பார்த்தேன். முள் சிவப்புக்குள் இறங்கி 40 பாரில் (காற்றின் அழுத்த அளவு) நிற்கிறது. 50-க்கு வந்ததும் எனக்குக் காட்ட வேண்டும் என்று படகில் சொல்லித்தான் இறக்கியிருந்தேன்.

எல்லோரும் மேலே போகலாம் என்று கட்டை விரலை மேலே காட்டினேன். மேடம் உள்ளங்கையைக் காட்டினார், பொறு என்று. மீதி டேப்பைக் காட்டினார். அப்புறம் பையனைக் காட்டி, மேலே காட்டி, தன்னைக் காட்டி, கீழே காட்டினார். அவனைக் கூட்டிக்கொண்டு போ, நான் இருக்கிறேன். நான் மறுபடியும் கட்டை விரலைக் காட்டினேன், இந்த முறை அவர் முகத்துக்கு நேராக. கடைசியாக ஒரு வரி எழுதிவிட்டு மேலே வந்தார்.

மேலே வர வேண்டும் என்று யார் காட்டினாலும், என்ன காரணமானாலும், எல்லோரும் வர வேண்டும். தண்ணீருக்குள் அதற்கு விவாதம் கிடையாது. இதைத்தான் வாரம் முழுக்கக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறேன். அதை நானே ஒருவருக்காகத் தளர்த்தினால் அப்புறம் என்ன பாடம்?

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 40 பார் என்றால் 480 லிட்டர். நாலு மீட்டரில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுத்தாலும் கால் மணி நேரம் வரும். மிச்சம் ஆறு மீட்டர் டேப்பை மேடம் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார். படகு தலைக்கு மேலேயே நின்றது. பையனை மேலே விட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் நான் திரும்பியிருக்கலாம்.

சரி, அந்த இரண்டு நிமிடம் மேடம் தனியாக இருப்பார். இருந்தால் என்ன? படகில் கயிற்றைப் பிடிக்க ஒரு ஆளை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக இறங்கியே பாதி வேலையைச் செய்தவர் அவர். ஆழம் குறைவுதானே என்பதும் முழு உண்மை இல்லை. காற்றுத் தீர்ந்த பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு புதுப்பையன் மேலே பாய்ந்தால், நுரையீரல் கிழிய ஒன்றிரண்டு மீட்டரே போதும். இப்படி ஒரு பக்கம் எடுத்து வைத்தால் மறுபக்கம் தானாக ஏறுகிறது.

படகில் அவர் இன்னொன்றும் சொன்னார், என்னிடம் இல்லை, பொதுவாக. 2016 வெளிறலில் செத்துப்போய் அப்புறம் மெல்லத் துளிர்த்த கொம்புப் பவளம் அந்தக் கடைசி ஆறு மீட்டரில்தான் இருந்ததாம். மறுநாள் போகலாம் என்றுதான் இருந்தோம். ராத்திரியே கச்சான் காற்று எடுத்துவிட்டது. விடிந்து பார்த்தால் கடல் முழுக்கக் கலங்கல், கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். 14 மீட்டரோடு நிற்கிற ஒரு வரிசை அவருடைய கணக்கில் இருக்கும், பக்கத்தில் காரணமும் எழுதியிருப்பார். என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

எனக்கு நிஜமாக உறுத்துவது பையன் சொன்னது. ஏன்டா காட்டவில்லை என்று கேட்டேன். "மேடம் எழுதிட்டு இருந்தாங்கண்ணே, எப்படிக் காட்டுறது?" அவன் கேஜைப் பார்க்காமல் இல்லை. பார்த்திருக்கிறான், 60-லும் 50-லும் பார்த்திருக்கிறான். பெரிய ஆள் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் இப்படித்தான் ஆகிவிடுகிறோம், முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே டேப்பைப் பிடித்திருப்போம். இதனால்தான் நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அந்த நிமிடம் தோன்றியது என்று எழுத ஆசைதான். அவன் இதைச் சொன்னதே சாயங்காலம் கரையில், சிலிண்டர் கழுவும்போது. தண்ணீருக்குள் எனக்குத் தோன்றியது, இவர் முன்னால் நான் சரியாக நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான். அதுவும் ஒருவகையில் பையனுடைய வியாதியேதான், எனக்கு அது வேறு பக்கம் வேலை செய்திருக்கிறது.

இந்த சீசனுக்கும் கூப்பிட்டிருக்கிறார், அதே ஆட்கள் வந்தால் நல்லது என்று. போகத்தான் போகிறேன். லீடராக வேறு யாரையாவது போடச் சொல்லலாமா என்று யோசனை. அப்படிச் சொன்னால் அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று இப்போது ஆரம்பித்திருக்கிறது.