டர்பனில் பிள்ளைகளோடு: ஆள் நடமாட்டம் உள்ள பூங்காக்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வரும் நம் ஊர்க் குடும்பங்கள் வீடும் பள்ளிக்கூடமும் பார்த்து முடித்த கையோடு கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளை எங்கே விளையாட விடுவது? திருச்சியில் எங்கள் தெருவில் சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டால் போதும், மிச்சத்தைத் தெருவே பார்த்துக்கொள்ளும். இங்கே வீட்டைச் சுற்றி ஆளுயர மதில், அதன் தலையில் மின்கம்பி, ரிமோட்டில் திறக்கிற கேட். பக்கத்து வீட்டில் குழந்தை இருப்பதே அழுகைச் சத்தம் கேட்டுத்தான் தெரியவரும். ஆக, அங்கே தெரு செய்த வேலையை இங்கே பூங்காதான் செய்தாக வேண்டும்.

பூங்காவுக்குப் பஞ்சமில்லை. மேப்பைத் திறந்தால் ஊர் முழுக்கப் பச்சைத் திட்டுகள். அந்தப் பச்சைக்குள் யார் இருப்பார்கள், எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பதைத்தான் மேப் சொல்லாது. எங்கள் அடுக்ககத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே ஒரு பூங்கா இருக்கிறது. பெரிய மரங்கள், சீராக வெட்டிய புல். ஊஞ்சலில் கம்பம் மட்டும் நிற்கிறது. சங்கிலியை யாரோ பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டப்பகலில்கூட ஈ காக்கை இருக்காது. அந்தப் பக்கம் போகவா என்று எங்கள் காவலாளியிடம் கேட்டபோது, மரத்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள் என்றார். கிழவிகள் உட்கார்ந்திருந்தால் நீங்களும் போய் உட்காருங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்றார். அவர் ஜூலு இனத்தவர், இந்த ஊரில் நாலு பிள்ளை வளர்த்தவர். எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதுவே உருப்படியானது. பிள்ளைகளோடு வந்த வேறு குடும்பங்கள் கண்ணில் பட்டால் இறங்குவோம். படாவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுவோம், ஊஞ்சல் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

இந்தக் கணக்கில் முதலில் வருவது மார்னிங்சைடில் உள்ள மிட்செல் பார்க். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு இங்கே தொடங்குவதுதான் சுகம். நிழல், கழிப்பறை, காபிக் கடை, சறுக்கும் ஏணியும் தொங்கு கம்பியுமாக ஜங்கிள் ஜிம், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போனால் வரிசையில் நின்றுதான் சறுக்க வேண்டும். புல்வெளியின் ஒவ்வொரு மூலையிலும் யாராவது ஒரு பிறந்தநாள் நடக்கும்: மரத்துக்கு மரம் பலூன், மடக்கு மேசையில் கேக், பெரிய டப்பாவில் சமூசா. அழைக்கப்படாத பிள்ளைகள் அந்தப் பலூனைச் சுற்றி வட்டமடிப்பதும், அந்த வீட்டு ஆன்ட்டி கூப்பிட்டு ஆளுக்கொரு கேக் துண்டு கொடுப்பதும் இங்கே சகஜம். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

பூங்காவோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. அதற்குத் தனியாகக் கொஞ்சம் டிக்கெட். இதற்குள் ஒரு காலத்தில் நெல்லி என்றொரு யானை இருந்தது. 1928இல் மைசூர் மகாராஜா அனுப்பியது. மவுத் ஆர்கன் ஊதும், தேங்காயைக் காலால் மிதித்து உடைக்கும் என்று பழைய டர்பன்காரர்கள் சொல்வார்கள். நம் பக்கத்து யானை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேங்காய் உடைத்துக் காட்டியதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பாக இருக்கிறது. இப்போது யானை இல்லை, அல்டாப்ரா ஆமைகள் இருக்கின்றன. என் மூன்று வயது மகன் வேலிக்கு இப்புறம் குந்திக்கொள்வான். ஆமை கழுத்தை நீட்டும்போது தோல் மடிப்பு ஒவ்வொன்றாக விரியும். கீரையின் ஓரத்தைக் கவ்வி இழுக்கும். பாதி இலை வாய்க்குள், பாதி வெளியே என்று அப்படியே நின்றுவிடும். அடுத்த கடி எப்போது என்று அதற்கே தெரியாது போலிருக்கும். வீட்டில் ஒரு நிமிடம் உட்காராத பிள்ளை அங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சாபம் விழும். சாம்பல் உடம்பும் கறுத்த முகமுமான வெர்வெட் குரங்குகள் டர்பனில் எங்கும் உண்டு, பூங்காக்களில் கேட்கவே வேண்டாம். சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம் அவற்றுக்கு அழைப்பு மணி. மரத்திலிருந்து ஒன்று இறங்கி பெஞ்சின் பின்னால் நிற்கும், நாம் அதையே பார்த்துக்கொண்டிருப்போம், அதற்குள் இன்னொன்று பக்கவாட்டில் வந்து வாழைப்பழத்தோடு போய்விடும். உள்ளூர்க்காரர்கள் மூடி இறுக்கமான டப்பாவில்தான் எதையும் கொண்டுவருவார்கள். பிள்ளை தின்னும்போது பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்வார். அவை பாவம் என்று நாமாகத் தீனி போடக் கூடாது. போட்டால் அடுத்து வரும் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும், கடிக்கவும் செய்யும்.

தாவரவியல் பூங்கா வேறு ரகம். 1849இல் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் இன்றுவரை நீடிக்கும் தாவரவியல் பூங்காக்களில் இதுதான் மூத்தது. நுழைவு இலவசம். பந்து, சைக்கிள் என்று கிளம்புகிற பிள்ளைகளுக்கு இது சரிப்படாது. பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் கூழைக்கடாக்களை எண்ணும் குடும்பத்துக்குச் சொர்க்கம். என் மகளுக்கு இங்கே ஒரு மரத்தின் மேல் தனி இரக்கம். ஈந்தும் பனையும் சேர்ந்தாற்போல் இருக்கும் ஒரு சைக்கட். 1895இல் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் ஓங்கோயே காட்டில் கண்டது. ஆண் மரம், இதற்குப் பெண் மரம் உலகில் எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது இருப்பதெல்லாம் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகள். "பாவம்மா, அதுக்குக் கல்யாணமே ஆகாதா?" என்று கேட்டாள். இதற்கு நான் என்ன சொல்வேன், தோட்டக்காரரைக் கேள் என்று தள்ளிவிட்டேன்.

இனி கடற்கரை. உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் உள்ள புளூ லகூன் தொடங்கி பாயின்ட் என்ற பகுதி வரை ஏறக்குறைய எட்டு கிலோமீட்டருக்குக் கார் வராத நடைபாதை. மெரினாவில் வளர்ந்தவர்களுக்கு மணல் கொஞ்சம்போலத்தான் தெரியும், ஆனால் சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளைக்கு இந்த ஊரில் இதற்கு நிகரான இடமே இல்லை. சூரியன் கடலிலிருந்து எழும்; டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம். உள்ளூர் இந்தியக் குடும்பங்கள் விடியற்காலையிலேயே வந்து, வெயில் ஏறுவதற்குள் பிளாஸ்க்கை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை நாங்களும் பிடித்துக்கொண்டோம். சிறுசுகளுக்கு அலை வேண்டாம் என்றால் கரையோரம் ஆழமில்லாத குளங்கள் இருக்கின்றன. கடலில் இறங்குவதென்றால் கொடிகளுக்கு நடுவில், உயிர்காப்பாளர் கண் முன்னால் மட்டும். சுறா வலை 1952 முதலே உண்டு. ஆனால் நீரிழுப்புக்கு வலை தடையாகாது. ஏப்ரல் 2022 பெருவெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகள் சேதமாகிக் கடற்கரைகள் மூடப்பட்டதிலிருந்து, தண்ணீர் சுத்தமா என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டே பிள்ளைகளை நனைய விடுகிறோம். கனமழைக்கு மறுநாள் நனைய விடுவதே இல்லை.

கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் மோசஸ் மபீடா அரங்கம், 2010 கால்பந்து உலகக் கோப்பைக்குக் கட்டியது. அதன் அடியிலுள்ள பீப்பிள்ஸ் பார்க்கில் பெரிய புல்வெளி, விளையாட்டு இடம், சிற்றுண்டிக் கடை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பிள்ளை கண்ணில் படும். என் கணவருக்கு இதுதான் பிடித்த பூங்கா, காரணம் காபி.

டர்பனில் பூங்கா என்றாலே பழைய ஆட்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. எங்களுக்கு அறிமுகமான, சாட்ஸ்வர்த் புறநகரில் வாழும் வயதான ஆயா ஒருவர், தமிழில் சில சொற்களும் சாமிப் பாட்டும் மட்டும் மிஞ்சிய தலைமுறை. நகராட்சிக் கூலிகளாக இருந்த தமிழர்களும் தெலுங்கர்களும் வாழ்ந்த மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். இனத்துக்கு ஒரு குடியிருப்புப் பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்படி 1960களில் குடும்பத்தோடு சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டவர். கடற்கரைக் குளங்களைச் சிறு வயதில் பஸ் ஜன்னலிலிருந்து மட்டும் பார்த்திருக்கிறார். பெஞ்சு, குளம், கடல் என்று எல்லாவற்றையும் நிறத்துக்கு ஒன்றாகப் பிரிக்க வழிசெய்த சட்டம் 1953இல் வந்தது; 1990இல்தான் நீக்கப்பட்டது. கடற்கரைகள் அதற்கு ஓராண்டு முன் எல்லோருக்கும் திறந்தன. பேத்தியைக் குளத்தில் இறக்கிவிட்டு ஆயா கரையில் செருப்பைக் கழற்றாமலே நிற்பார். "நீங்களும் காலை நனைங்க ஆயா" என்றால், "நீ போம்மா" என்பார். நான் வற்புறுத்துவதில்லை.

சாட்ஸ்வர்த்தில் சில்வர்கிளென் வனப்பகுதிக்கு எங்களைக் கூட்டிப்போனதும் அவர் வீட்டார்தான். மருந்துச் செடி நாற்றங்கால் அங்கே உண்டு. நாவலின் உறவான உம்டோனி மரங்களும் இந்தக் கடலோரத்தில் இயல்பாக வளர்பவை. பழம் நம் நாவற்பழத்தை நினைவூட்டும். ஆனால் இப்படிப்பட்ட காட்டுப்பக்கங்களுக்குத் தனிக்குடும்பமாகப் போவதில்லை. மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்தால்தான் புறப்பாடு. புதருக்குள் கையை விடாதே என்பதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும். பச்சை மாம்பா இந்தக் கடலோரக் காட்டுப் பாம்பு. தானாக வந்து ஆளைத் துரத்தாது, அதற்காக அதன் கிளையில் ஊஞ்சலாட முடியாது.

வண்டி நிறுத்துவது தனிக் கலை. ஒளிரும் மேலங்கி போட்ட கார் கார்டு, அதாவது வண்டிக் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தச் சொல்வார். திரும்பும்போது ஐந்து ராண்ட் நாணயம் கொடுத்தால் வழக்கம் நிறைவேறியது. சில்லறையை அதற்கென்றே காரில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கைப்பை, செல்போன், ஏன், காலிப் பையைக்கூட சீட்டில் விடாதீர்கள். ரிமோட்டை அழுத்திவிட்டு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பூட்டும் அலையை மறித்துவிடும் கருவியோடு திரிகிறவர்கள் உண்டு. நகை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், மாமியார் என்ன சொன்னாலும்.

மழை நாளுக்கு மால். இல்லையென்றால் ஸ்பர் மாதிரி, பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலை வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே சிப்ஸும் சீஸும்தான் கதி. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

காலண்டரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய நாளில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பிராய் எனும் கறி சுடும் அடுப்பின் புகை; அனுமதித்த இடங்களில் நாங்களும் பனீரும் சோளமும் சுட்டுக்கொள்வோம். டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரை கடலில்லாத உட்பகுதி ஜனம் முழுக்கக் கடற்கரையில் இறங்கிவிடும். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் கண்டுபிடிக்க, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய கைப்பட்டி கட்டிவிடும் ஏற்பாடு புத்தாண்டு சமயத்தில் உண்டு. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஆள் இருந்தால் நல்லது என்று நான் சொன்னது அந்தக் கூட்டத்தை அல்ல, ஜனவரி முதல் தேதி நாங்கள் வீட்டைவிட்டு நகர்வதில்லை.

பூங்காவுக்கு வாகான மாதம் ஜூலை. பள்ளி விடுமுறை, மழை குறைவு, வெயிலில் கடுமை இல்லை. சில நாள் மலைப்பக்கமிருந்து வறண்ட அனல் காற்று வீசும். மறுநாளே தென்மேற்கிலிருந்து குளிர் புகுந்துவிடும். ஆகவே ஸ்வெட்டர் எப்போதும் காரிலேயே கிடக்கட்டும். ஐந்து மணி சுமாருக்கு இருட்டத் தொடங்கிவிடும். குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாலே நீங்களும் டப்பாக்களை மூடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை சறுக்கிட்டு வரேன்" என்ற கெஞ்சலுக்கு அரை மணி நேரம் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.